வயர் இருக்கும்போது வயர்லெஸ் எதுக்கு

வாங்கம்மா, வாங்க. அல்லிமுத்து மருமக நீங்கதானே? பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் லேப் பாக்குறவங்க? செருப்பை உள்ளயே விடுங்க. வெளிய விட்டா நாய் தூக்கிட்டுப் போயிடும். மாடி வீடுன்னுதான் பேரு, அந்த நாய்க்குப் படியேற நல்லாத் தெரியும்.

லேப்டாப் அதோ மேஜை மேல இருக்கு. இருங்க, இருங்க, தொடுறதுக்கு முன்னாடி விஷயத்தைக் கேட்டுக்குங்க. நேரம் இருக்கு. பதினொரு மணிக்குத்தான் மீட்டிங். ஓய்வுபெற்றோர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர், உங்க மாமனார் சொல்லியிருப்பார். வழக்கமா புதன்கிழமை இந்நேரம் சங்க ஆபீஸ்ல இருப்பேன். இன்னைக்கு மாநில ஆளுங்க எல்லாம் வீடியோவுல வர்றாங்க, அதனால வீட்டுல இருக்கேன். இப்ப பத்துதான் ஆகுது. ஒரு மணி நேரத்துக்குள்ள எனக்கு வயர்லெஸ்ஸைத் திருப்பிக் கொடுத்துட்டீங்கன்னா போதும். சிரிக்காதீங்க. அதை அடைச்சதும் நான்தான், இப்ப திறந்து விடுங்கன்னு கேக்குறதும் நான்தான்.

முப்பத்தினாலு வருஷம் டெலிபோன் டிபார்ட்மெண்ட்ல கேபிள் ஜாயிண்டர். தட்சிணாமூர்த்தின்னா புதுக்கோட்டை டவுன்ல பூமிக்குக் கீழ எது எங்க போகுதுன்னு தெரிஞ்ச ஆள்னு அர்த்தம். குழிக்குள்ள மழைத்தண்ணி முழங்கால் வரைக்கும் நிக்கும். அதுல உக்காந்து நானூறு ஜோடி வயரை ஒவ்வொண்ணா கலர் பாத்து முறுக்கியிருக்கேன். ஒரு ஜோடி மாறினாலும் அந்த வீட்டு மாமியார் பேசுறது இந்த வீட்டுல கேக்கும். என் கையில மாறினதே இல்ல. அப்படிப்பட்டவன்கிட்ட வந்து வயர்லெஸ்ஸுன்னா எப்படி இருக்கும் சொல்லுங்க. வயர்னா ஒரு முனை இங்க, ஒரு முனை அங்க. நடுவுல அறுந்தா தோண்டிப் பாக்கலாம். காத்துல போறதை எங்கன்னு போய்ப் பிடிக்கிறது?

அதனால நெட் கனெக்ஷன் வாங்கின அன்னைக்கே ரூட்டர்ல இருக்கிற வயர்லெஸ்ஸை அணைக்கச் சொல்லிட்டேன். ரூட்டர் ஹால்ல. அங்கேருந்து இந்த மேஜைக்கு நானே கேபிள் இழுத்தேன். ரெண்டு முனையிலயும் நானே கனெக்டர் போட்டேன். டெஸ்டர் வச்சா எட்டு லைட்டும் வரிசையா எரியும். எரியுதான்னு செண்பகத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். செண்பகம் என் வீட்டுக்காரி. எரியுதுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டா. அவளுக்கு டிவி ரிமோட்லயே மூணு பட்டன்தான் தெரியும்.

லேப்டாப்பு நான் வாங்கினது இல்ல. வீட்டுல கிடந்தது. லினக்ஸ் போட்டது. பொண்ணு காலேஜ் படிக்கும்போது போட்டா. ஆமாம்மா, ஒரு பொண்ணு இருக்கா, பிரதீபா. இருக்கான்னா, எங்கயோ ஜெர்மனியில இருக்கா. மூணு வருஷம் ஆச்சு. கூட வேலை பாத்த ஒருத்தனைக் கட்டிக்கிட்டா. எங்க ஆளுங்க இல்ல. நான் வேண்டாம்னு சொன்னேன். அவ ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு அப்புறமா போன் பண்ணிச் சொன்னா. அத்தோட முடிஞ்சது. இந்த வீட்டுல அந்தப் பேச்சு கிடையாது. செண்பகம் கொஞ்ச நாள் அழுதா, அப்புறம் தேறிட்டா. இந்த ஒரு வருஷமா பாத்தீங்கன்னா சிரிச்ச முகமாத்தான் இருந்தா. பாட்டுகூட முணுமுணுப்பா. பொம்பளைங்க மறந்துடுவாங்கம்மா. எங்களுக்குத்தான் மனசுலயே நிக்கும்.

அந்தக் கருப்புத் திரையைத் திறந்தா முதல்ல பிரதீபான்னுதான் வரும், திடுக்கிடாதீங்க. மாத்தலாம். ஒரு நிமிஷ வேலைதான். நேரம் கிடைக்கல.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், நீங்க பாக்கும்போது குழம்பக் கூடாது. ரூட்டர்ல ஒரு சின்ன வேலை பண்ணி வச்சிருக்கேன். வெளிநாட்டுல இருக்கிறவங்களோட முகம் பாத்துப் பேசுற அந்த மாதிரி ஆப்பு எதுவும் இந்த வீட்டு லைன்ல போகாது. எல்லாத்தையும் அடைச்சாச்சு. செண்பகத்துக்கும் பட்டன் போன்தான் வாங்கிக் கொடுத்திருக்கேன். அவ நல்லதுக்குத்தான். சங்க மீட்டிங் வேற வழியில வர்றது, அதுக்குத் தடை இல்ல.

இப்ப வியாதிக்கு வர்றேன். திங்கள், புதன், வெள்ளி மூணு நாளும் பத்து மணிக்கு சங்க ஆபீஸ் போனா பன்னெண்டுக்குத் திரும்புவேன். வந்து லேப்டாப்பைத் திறந்தா வயர் படம் வரும், போகும், வரும், போகும். கனெக்ட் ஆயிருக்குன்னு காட்டும், பக்கம் திறக்காது. பக்கத்துல பாத்தா விசிறி மாதிரி வயர்லெஸ் படம் ஒண்ணு நிக்கும். அது என்னடான்னு தொட்டா ரெஜினாஹோம்னு பேர் காட்டும். கீழ் வீட்டுல குடியிருக்கிற ரெஜினா டீச்சரோடது. நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? அணைச்சு வச்சா, அடுத்த தடவை நான் சங்கத்துக்குப் போயிட்டு வரும்போது மறுபடி எரியுது.

சனி, ஞாயிறுல இந்தக் கோளாறு கிடையாது. செவ்வாய், வியாழன் கிடையாது. நான் என்ன நெனச்சேன், இந்த மூணு நாளும் நம்ம ஏரியாவுல கரெண்ட் ஏறி இறங்குது போலன்னு நெனச்சேன். மின்வாரியத்துல போய்க் கேட்டேன்கூட. அவங்க என்னைப் பாத்த பார்வையே சரியில்ல.

கேபிள் மூணு மாத்தினேன். கனெக்டர் எத்தனை போட்டேன்னு கணக்கே இல்ல. கடைசியா கண்டுபிடிச்சது என்ன தெரியுமா? சொருகுற இடத்துல பிளக்கு முழுசா உள்ள போகாம பாதியில நிக்குது. கேபிளைச் சொருகினா டிக்னு ஒரு சத்தம் வரணும். சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தணும். தொழில் தெரியாதவங்க உள்ள போயிடுச்சுன்னு பாதியிலயே விட்டுடுவாங்க. அது ஆடிக்கிட்டே கிடக்கும். நான் டிக்னு சொருகிட்டுப் போறேன், வந்து பாத்தா பாதியில நிக்குது. எலின்னு நெனச்சேன். எலிக்கூண்டு வச்சேன். ஒரு எலியும் விழல.

செண்பகத்தைக் கேட்டேன். யாராவது இதைத் தொட்டாங்களா, டீச்சர் வீட்டு பாஸ்வேர்ட் இதுக்குள்ள எப்படிப் போச்சுன்னு. எனக்கென்னங்க தெரியும் இந்த எழவெல்லாம்னா. நியாயம்தானே? அவளைப் போய்க் கேட்டேன் பாருங்க.

அப்புறம் நானே படிச்சேன். லினக்ஸ்ல ஒவ்வொரு வழிக்கும் ஒரு நம்பர் இருக்காமே, உங்களுக்குத் தெரியும். வயருக்கு நூறு, வயர்லெஸ்ஸுக்கு அறுநூறு. சின்ன நம்பருக்குத்தான் முதல் மரியாதை. ரெண்டும் இருந்தா எல்லாம் வயர் வழியாத்தான் போகும். எழுதினவன் விவரமானவன். ஆனா வயர் பாதி பிடுங்கி ஆடிக்கிட்டு இருந்தா மெஷின் அங்கயும் இங்கயும் தாவுது, ரெண்டுலயும் உருப்படியா நிக்க மாட்டேங்குது. அப்ப தீர்வு என்ன? ஒண்ணை அடைச்சுடணும். வயர் இருக்கும்போது வயர்லெஸ் எதுக்கு?

போன சனிக்கு முந்தின சனிக்கிழமை உக்காந்தேன். மூணு பூட்டு போட்டேன். வயர்லெஸ் டிரைவரை ஏத்தாதேன்னு ஒரு ஃபைல்ல ஒரு வரி. வயர் இருந்தா வயர்லெஸ்ஸை அணைன்னு ஒரு ஸ்கிரிப்ட். மூணாவதா, மெஷின் ஆன் ஆகும்போது நீலத்திரை வருமே, அதுக்குள்ள போய் எதையோ ஆஃப் பண்ணினேன். எதைன்னு நோட்டுல எழுதி வைக்கல. முப்பத்தினாலு வருஷமா எல்லாத்தையும் எழுதி வைக்கிறவன், அதை மட்டும் எழுதல. கோபத்துல பண்ணினது.

இன்னைக்குப் பதினொரு நாள். முதல் வாரம் ஒரு கோளாறு கிடையாது. வயர் படம் கல்லு மாதிரி நின்னுச்சு. பிளக்கும் பாதியில நிக்கல, டிக்னு வச்சது வச்சபடி இருந்துச்சு. பாத்தீங்களா, வயர்லெஸ்ஸை அடைச்சதும் பிளக்கு தானா சரியாயிடுச்சு. அது எப்படின்னு எனக்கு இன்னும் புரியல. நீங்க படிச்சவங்க, உங்களுக்குப் புரியலாம்.

காபி எடுத்துக்குங்க. சர்க்கரை இல்லையா? எனக்குத் தெரியும், இல்லாமத்தான் இருக்கும். ரெண்டு வாரமா அவ கை இப்படித்தான். சாம்பாருல உப்பு இல்ல, காபியில சர்க்கரை இல்ல. சாதம் குழைஞ்சு போயிடுது. பேச்சும் குறைஞ்சு போச்சு. நான் பத்து மணிக்கு சங்கத்துக்குக் கிளம்பினா வாசல் வரைக்கும் வந்து, பன்னெண்டுக்குத்தானே வருவீங்கன்னு கேப்பா. இப்ப கேக்குறதில்ல. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். பிரஷர் சரியா இருக்கு, சுகர் சரியா இருக்கு, மனசுல எதாவதான்னு கேட்டார். வீட்டுல நாங்க ரெண்டே பேர், என்ன சார் மனசுலன்னு சொல்லிட்டு வந்தேன்.

ஒரு நாள் திடீர்னு வந்துட்டேன். இந்த மேஜை முன்னாடி உக்காந்துக்கிட்டு லேப்டாப்பைத் துடைச்சுக்கிட்டு இருக்கா. பழைய காட்டன் புடவையெல்லாம் சின்னச் சின்னத் துணியா கிழிச்சுத் துவைச்சு மடிச்சு வச்சிருக்கா, ஒரு பெட்டி நிறைய. அதுல ஒண்ணை வச்சுத் துடைச்சுக்கிட்டு இருக்கா. இவ்வளவு துணி எதுக்குடின்னு கேட்டேன், பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டா. டீச்சர் லீவுக்கு நாகர்கோவில் போயிருக்காங்க, மீன் தொட்டியைப் பாத்துக்கச் சொல்லி சாவியை இவகிட்ட கொடுத்திருக்காங்க. மீனுக்குத் தீனி போடப் போறவ கீழேயே ஒரு மணி நேரம் உக்காந்துட்டு கண்ணு வீங்கி வர்றா. அவங்களுக்குப் போன் போட்டு, உங்ககிட்ட அந்த நம்பர் எதுவும் இல்லையா டீச்சர், எழுதி வைக்கலையான்னு கேட்டுக்கிட்டு இருந்தா. பிளம்பர் நம்பர்னு நெனச்சு நான் என்கிட்ட இருக்குன்னு சொன்னேன். திரும்பிப் பாத்துட்டு உள்ள போயிட்டா.

போன வெள்ளிக்கிழமை சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். பக்கத்துல வந்து நின்னா.

"என்னங்க, அந்த வயர்லெஸ் இனிமே வரவே வராதா?"

"உனக்கு எதுக்கு அது?"

"சும்மா கேட்டேன்."

முப்பத்தஞ்சு வருஷத்துல என் தொழில் விஷயமா அவ கேட்ட ஒரே கேள்வி அதுதான். எனக்குக்கூட சந்தோஷமா இருந்துச்சு. உக்கார வச்சு நூறு, அறுநூறு எல்லாம் விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தா. பாதியில எழுந்து போய் பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டா.

முந்தாநாள் தெருவைத் தோண்டுறேன்னு யாரோ பொக்லைன் விட்டு எங்க லைனை அறுத்துட்டாங்க. போய்ப் பாத்தேன். சதக்குன்னு இழுத்திருக்கான், நாலு அடிக்கு நைஞ்சு போயிருக்கு. கம்பெனிக்காரன் சனிக்கிழமை வர்றேங்கிறான். இன்னைக்கு மீட்டிங். டீச்சர் வீட்டு லைன் வேற கம்பெனி, அது ஓடுது. அதான் மானத்தை விட்டு, அந்த வயர்லெஸ்ஸையாவது பிடிக்கலாம்னு உங்க மாமனாரைக் கூப்பிட்டேன். நான் போட்ட ரெண்டு பூட்டை நானே எடுத்துட்டேன்மா. மூணாவதுதான் வரல. நீங்க பாருங்க.

ஆமா, அந்த நீலத்திரைதான். அதுலதான் எங்கயோ. இதுவா? இது வயர் பாக்குற வேலை இல்லையா? ஓ, வயர் இருந்தா வயர்லெஸ்ஸை எழுப்பாதேன்னு இருக்கா. அதுக்குக் கீழ இன்னொண்ணு. சரி, சரி, ஆன் பண்ணுங்க. ரீஸ்டார்ட் ஆகட்டும். மணி பத்தரைதானே.

விசிறி வந்துடுச்சு. பாலிடெக்னிக்னா பாலிடெக்னிக்தான். டீச்சர் பாஸ்வேர்டுக்கு நான் நாகர்கோவிலுக்குப் போன் போடணும், இருங்க. என்ன, கேக்கலையா? அதுவா போய் ஒட்டிக்கிச்சா? முன்னாடியே யாரோ போட்டு வச்சிருக்காங்களா? அதைத்தான்மா நானும் ஒரு வருஷமா கேக்குறேன், யாரு போட்டாங்கன்னு.

லாக்கா, மெஷின் தானா எழுதி வைக்கிற கணக்கா? எடுங்களேன். லாக் இருக்கும்னு எனக்குத் தெரியும், எப்படிப் பாக்குறதுன்னுதான் தெரியல. படிங்க. நான் பூட்டுறதுக்கு முந்தி, திங்கள் பத்து இருபதுக்கு வயர் போச்சு. பத்து இருபத்தொண்ணுக்கு ரெஜினாஹோம். பதினொண்ணு நாப்பதுக்கு வயர் திரும்ப வந்துச்சு. புதன் பத்து பதினெட்டு. வெள்ளி பத்து இருபது. மேல போங்க. அதுக்கு முந்தின வாரம்? திங்கள், புதன், வெள்ளி. அதுக்கும் முந்தி?

எலி இல்ல.

ஒண்ணுமில்லம்மா. நெட் ஓடுதான்னு மட்டும் பாத்துடுங்க. என் பிரவுசர் அப்டேட் கேட்டு நிக்குதா? அப்ப அந்த நரி படம் போட்ட இன்னொரு பிரவுசரைத் திறங்க. நான் அதைத் தொடுறதே இல்ல. என்ன பக்கம் இது? பழசைத் தானா திறக்குதா? பிரதீபா போட்டோ எப்படி இங்க வந்துச்சு? கன்னமெல்லாம் ஊதிப் போய்க் கிடக்கு. பதினேழுன்னு சிவப்புல நிக்குதே, அது என்ன? அதைத் தொடுங்க. தொடுங்கம்மா, பரவாயில்ல, என் வீட்டு மெஷின்தானே.

கண்ணாடி எங்க வச்சேன். நீங்களே படிங்க. இல்ல, வேண்டாம், நானே படிக்கிறேன்.

"அம்மா, ஏன் வரல?" இது அந்தத் திங்கக்கிழமை. "அம்மா, வயரைப் பிடுங்கிட்டு அந்த விசிறியைத் தொட்டியா?" புதன்கிழமை. "அம்மா, அப்பா பாத்துட்டாரா? திட்டினாரா?" அதுவும் புதன்கிழமை. "டாக்டர் நாளைக்கே அட்மிட் ஆகச் சொல்லிட்டார். குழந்தை திரும்பியிருக்காம். பயமா இருக்கும்மா. ஒரு நிமிஷம் முகத்தைக் காட்டிட்டுப் போ." இது போன வெள்ளி. வெள்ளிக்கிழமை நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்? நூறு, அறுநூறுன்னு விளக்கிக்கிட்டு இருந்தேன்.

இதுக்குக் கீழ? கீழ தள்ளுங்க. இவ்வளவுதானா? சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். நாலு நாளா ஒண்ணுமே இல்லையா? சரியா பாருங்கம்மா, வயர்லெஸ் மெதுவாத்தான் கொண்டுவரும், இன்னும் வந்துக்கிட்டு இருக்கலாம்.

ஏம்மா, நான் இதைத் திறந்து படிச்சது அங்க அவளுக்குத் தெரியுமா? பாத்தாச்சுன்னு விழுமா? விழுந்துடுச்சா? அப்ப அம்மா பாத்துட்டா, இப்பக் கூப்பிடுவான்னு அவ போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. உக்காருற நிலையில இருந்தா.

அணைச்சுடாதீங்க, அப்படியே இருக்கட்டும். இல்லம்மா, நான் கூப்பிட மாட்டேன். என் முகம் அதுல தெரிஞ்சா அவ பயந்துடுவா. இந்த நேரத்துல அவளைப் பயமுறுத்தக் கூடாது.

செண்பகம் அடுப்படியிலதான் இருக்கா. நீங்க போய்க் கூப்பிடுங்க. நான் கூப்பிட்டா, கண்டுபிடிச்சுட்டேன்னு நெனச்சு வரவே மாட்டா. மெஷின் சரியாயிடுச்சும்மா, சார் வெளிய போயிட்டார், பன்னெண்டு மணிக்குத்தான் வருவார்னு சொல்லுங்க. அப்பதான் அவ வந்து உக்காருவா. மீட்டிங் கிடக்குது, அவங்க நான் இல்லாமயே தீர்மானம் போட்டுக்குவாங்க.

நான் எங்கயும் போகல. வெளிய படியில உக்காந்திருக்கேன். ஆணா பொண்ணான்னு எல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம், அவசரம் இல்ல. முதல்ல அவ எடுக்குறாளான்னு பாருங்க. எடுத்துட்டான்னா செண்பகம் எப்படியும் அழுவா, அது எனக்கு வெளிய கேக்கும். அது எந்த அழுகைன்னு மட்டும் வந்து சொல்லிடுங்கம்மா.